87இல் ஒரு பங்கு ரயில் நிலையம்

கடையில் வாங்கிய பொம்மை ரயில் நிலையத்தைப் பார்த்தவுடன் அது பொம்மை என்று சொல்லிவிடுகிறோம். அது சிறியதாக இருப்பதாலா? இல்லை. புகைப்படத்தில் உண்மையான நிலையமும் சிறியதாகத்தான் தெரிகிறது. ஆனால் பொம்மைக்கு வயது இல்லை. அதன்மேல் வெயில் காய்ந்ததில்லை, மழை வழிந்ததில்லை, உப்புக் காற்று பட்டதில்லை.

கட்டடங்களைச் சிற்றுருவில் செய்து, அவற்றுக்கு வயதையும் ஏற்றுவது ஒரு கலை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதைப் பொழுதுபோக்காகச் செய்பவர்கள் ஏராளம். நம் நாட்டிலும் புனே நகரில் 1998இல் சிற்றுருவ ரயில்களுக்கென்றே ஒரு காட்சியகம் திறக்கப்பட்டது. நாம் நம் ஊரிலேயே தொடங்குவோம். அதிராம்பட்டினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை 1894இல் வந்த மீட்டர் பாதை, 1902இல் பட்டுக்கோட்டை வரை நீண்டபோது இந்த ஊர் வழியே சென்றது. 2019 முதல் இங்கே அகலப் பாதையில் ரயில் ஓடுகிறது. பழைய மீட்டர் பாதையை இனி மாதிரியில்தான் ஓட்டிப் பார்க்க முடியும்!

முதலில் கணக்கு. உலகில் மிகுதியாகப் பழக்கத்தில் இருப்பது எச்.ஓ. என்னும் அளவு, அதாவது, உண்மையில் 87இல் ஒரு பங்கு. மீட்டர் பாதையின் 1,000 மில்லிமீட்டரை 87ஆல் வகுத்தால் 11.5 மி.மீ. வரும், இதற்கென விற்கும் தண்டவாளங்களில் இடைவெளி 12 மி.மீ. அகலப் பாதையானால் 1,676 மி.மீ. என்பது 19 மில்லிமீட்டருக்குச் சற்று மேலாகும். 210 செ.மீ. உயரக் கதவு 24 மி.மீ. ஆகிவிடும். செங்கற்களுக்கு இடையேயுள்ள 1 செ.மீ. சாந்து 0.1 மில்லிமீட்டர்தான், நோட்டுப் புத்தகத் தாளின் கனம்! எனவே செங்கல் செங்கல்லாக ஒட்ட முயலாதீர்கள். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் சுவரை வெட்டி, காம்பஸ் முனையால் கோடு கீறினால் போதும். ஓட்டுக் கூரைக்கு 4 மி.மீ. அகலத் தாள் பட்டைகளை ஓரத்தில் சிறு வெட்டுகள் இட்டு, கீழிருந்து மேலாக ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு ஒட்டுங்கள்.

இனிமேல்தான் சுவையான பகுதி. வயது எப்படி ஏறுகிறது?

அதிராம்பட்டினத்துக்குத் தெற்கே கடல். பகலில் கடற்காற்று உப்புத் துளிகளைச் சுமந்து வந்து தெற்குச் சுவரில் படியவைக்கிறது. தரையிலுள்ள உப்புநீரும் செங்கல்லின் நுண்புழைகள் வழியே மேலேறுகிறது. நீர் ஆவியாகிவிடும், உப்பு ஆவியாகாது. அது செங்கல்லுக்குள்ளேயே படிகமாக வளர்ந்து, மேற்பரப்பை நெட்டித் தள்ளும். சுவர் பொரிந்து உதிர்கிறது என்கிறோமே, அது இதுதான். ஆகவே வெண்பூச்சு சுவரின் அடிப்பகுதியில்தான் தெரிய வேண்டும். வடகிழக்குப் பருவமழையோ வடக்கு, கிழக்குச் சுவர்களில் சாரலாக அடிக்கும். பாசியின் கருமை அந்தப் பக்கம்தான் மிகுதி. நான்கு சுவருக்கும் ஒரே அழுக்கைப் பூசுபவர், திசைகளை மறந்தவர்!

கூரையையும் ஒரே நிறமாக விடாதீர்கள். 2018 நவம்பர் 16 அன்று வீசிய கஜா புயல் போன்ற ஒன்றுக்குப் பிறகு ஓடு மாற்றிய கூரையில், கறுத்த பழைய ஓடுகளுக்கு நடுவே புதிய சிவப்பு ஓடுகள் திட்டுத் திட்டாகத் தெரியும்.

சரி, உப்புப் பூத்ததைக் காட்ட உண்மையான உப்பையே தூவினால் என்ன? தூவிப் பாருங்கள். சமையல் உப்பின் ஒரு மணி சுமார் 0.3 மி.மீ. இருக்கும். 87ஆல் பெருக்கினால் 26 மி.மீ.; உங்கள் நிலையத்துச் சுவரில் நெல்லிக்காய்கள் ஒட்டியிருக்கும்! நாம் கட்டடத்தைச் சுருக்கினோம். உப்பு மணி சுருங்கவில்லை. எனவே மிக நுண்ணிய சாக்பீஸ் தூளைத்தான் தூரிகையால் தடவ வேண்டும். அதே கணக்கு இன்னோரிடத்தில் நமக்குக் கைகொடுக்கிறது. தண்டவாளத்தடியில் கொட்டும் ஜல்லி 25 முதல் 65 மி.மீ. வரை இருக்கும். 87ஆல் வகுத்தால் 0.3 முதல் 0.75 மி.மீ. அது மணலின் அளவு! நன்றாகக் கழுவி உலர்த்திய மணல்தான் உங்கள் ஜல்லி.

தண்ணீர்த் துளியும் சுருங்காது. 3 மி.மீ. துளி ஒன்று உங்கள் சுவருக்கு 26 செ.மீ. விட்டமுள்ள பூசணிக்காய் போன்றது. பரப்பு இழுவிசை அதை உருண்டையாகவே பிடித்து வைத்திருக்கும். காய்ந்தால் வட்டக் கறை விழும். கருப்பு வண்ணத்தை நிறைய நீரில் கரைத்து, ஒரு சொட்டுச் சோப்பு நீர் சேருங்கள். இழுவிசை குறைந்து, வண்ணம் பரவிக் கீறல்களுக்குள் இறங்கும். சுவரைச் செங்குத்தாக நிறுத்திக்கொண்டே பூசுங்கள். உண்மை மழை மேலிருந்து கீழேதான் வழிகிறது.

துருவுக்குக் கடையை நாட வேண்டாம். நாலைந்து ஆணிகளை உப்புநீரில் நனைத்துக் காற்றுப்படச் சில நாட்கள் வையுங்கள். துருப்பிடித்தல் ஒரு மின்வேதி வினை. உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால் அது விரைகிறது. சுரண்டிய தூளை உலர்த்தி, நன்றாக அரைத்துத் துணியில் சலியுங்கள். புதுத் துரு ஆரஞ்சு நிறம், பழந்துரு கரும்பழுப்பு. தகரத்தின் விளிம்பு, ஆணியின் அடி என நீர் தங்கும் இடங்களில் மட்டும் தடவுங்கள். பார்ப்பவர்கள் பாராட்டுவார்கள் என்று எல்லா இடத்திலும் துருவைக் கொட்டுவது எனக்குப் பிடிப்பதில்லை. ரயில் ஓடும் பாதையிலே தண்டவாளத்தின் பக்கங்கள்தான் பழுப்பு, சக்கரம் தேய்க்கும் மேற்பரப்பு பளபளக்கும்.

உப்பளம் உள்ள ஊராயிற்றே, நிலையத்தருகே ஓர் உப்புக் குவியலும் வேண்டாமா? கோதுமை மாவில் செய்தால் எறும்பு வந்துவிடும். களிமண்ணில் செய்து வெள்ளை பூசுங்கள். சரிவை மட்டும் கவனியுங்கள். ஒட்டாத மணிகள் தாமாகக் குவியும்போது சரிவு சுமார் 30 முதல் 35 டிகிரிக்குள் நிற்கும். குவியல் பெரிதானாலும் சிறிதானாலும் அந்தக் கோணம் பெரும்பாலும் மாறுவதில்லை. அதை 87ஆல் வகுக்கவும் வேண்டாம். மேலே கீற்றுப் போல நறுக்கிய பழுப்புத் தாளை வேய்ந்துவிடுங்கள், மழை வருமுன்!