ரேஷன் பாமாயிலும் இதயமும்

திருநீர்மலை, பம்மல், அனகாபுத்தூர் ஆகிய தாம்பரம் மாநகராட்சிப் பகுதிகளின் ரேஷன் கடைகளில், மாநிலத்தின் பிற ஊர்களைப் போலவே, குடும்ப அட்டைக்கு மாதம் ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்குக் கிடைப்பதால், பல வீடுகளில் எந்த எண்ணெய் அடுப்பேறுவது என்பதை விலையே முடிவு செய்கிறது.

ரத்தத்தில் எல்.டி.எல். என்னும் கெட்ட கொழுப்பைக் கூட்டி, இதயத்தமனிகளில் அடைப்புக்கு வழிவகுக்கும் நிறைவுற்ற கொழுப்பு, பாமாயிலில் பாதிக்குச் சற்றுக் குறைவாகவும், தேங்காய் எண்ணெயில் 90 விழுக்காடு அளவிலும் இருக்க, கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் இருக்கிறது. மார்கழி விடியலில் தேங்காய் எண்ணெய் புட்டிக்குள்ளேயே உறைந்துவிட, பக்கத்திலிருக்கும் நல்லெண்ணெய் உறையாதிருப்பதற்கும் இந்த வேறுபாடே காரணம்.

ஆயினும் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுத முடியாது. மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையினர் சென்னைவாசிகள் 1,875 பேரிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், பெருத்த இடுப்பு, உயர் ரத்த அழுத்தம், மிகுந்த சர்க்கரை, ட்ரைகிளிசரைடு உயர்வு, நல்ல கொழுப்பின் குறைவு ஆகிய ஐந்தில் மூன்றேனும் சேர்ந்து காணப்படும் வளர்சிதைமாற்றக் கோளாறு, சூரியகாந்தி எண்ணெய் பயன்படுத்தியோரில் 30.7 விழுக்காட்டினருக்கும், பாமாயில் பயன்படுத்தியோரில் 23.2 விழுக்காட்டினருக்கும், கடலை எண்ணெய், நல்லெண்ணெய் போன்ற பாரம்பரிய எண்ணெய்களைப் பயன்படுத்தியோரில் 17.1 விழுக்காட்டினருக்கும் இருந்தது. சூரியகாந்தி எண்ணெயில் லினோலிக் அமிலம் என்னும் ஒமேகா-6 மிகுந்தும் ஒமேகா-3 மிக அரிதாகவும் இருப்பது இதற்குக் காரணமாகலாம். ஆனால் ஒரே காலத்தில் எடுக்கப்படும் இத்தகைய கணக்கெடுப்பு எது முந்தியது என்று காட்டாது என்பதும், கொழுப்பு கூடிவிட்டதென்று அறிந்த பிறகே பலர் சூரியகாந்திக்கு மாறியிருக்கக்கூடும் என்பதும் மறக்கத்தக்கவை அல்ல. நிறைவுற்ற கொழுப்பின் இடத்தில் நிறைவுறாக் கொழுப்பை உண்ணச் செய்த பல சோதனைகளில் எல்.டி.எல். குறைந்தே இருக்கிறது.

எந்த எண்ணெயாயினும் அளவு மீறினால் தீங்குதான். உடலுழைப்புக் குறைந்தவருக்கு நாளொன்றுக்கு 20 முதல் 25 கிராம் போதும். நால்வர் உள்ள வீட்டுக்கு மாதம் மூன்று லிட்டரைத் தாண்ட வேண்டியதில்லை. பஜ்ஜி சுட்டு மீந்த எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சினால் சிதைவுப் பொருள்கள் சேர்வதாலேயே, முனைவுச் சேர்மங்கள் என்னும் அவற்றின் அளவு 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாதென்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை முதல் விதித்துள்ளது.

பாமாயிலுக்கு மாற்றாகத் தேங்காய் எண்ணெய் வழங்கக் கோரும் தென்னை விவசாயிகளின் வாழ்வாதாரக் கவலை நியாயமானது. இதயத்தின் கணக்கிலோ தேங்காய் எண்ணெய் பாமாயிலை வெல்லாது. அரசு மானியம் தந்தே ஊற்றுகிற அந்த ஒரு லிட்டர், கடலை எண்ணெயாகவோ நல்லெண்ணெயாகவோ இருக்க வேண்டும்.