கையில் கறை பட்ட ஒரு வருஷம்

நமது வீடுகளில் கலியாணப் பேச்சு தொடங்கியவுடன் ஒரு கேள்வி தவறாமல் எழும். “பையனுக்கு என்ன உத்தியோகம்?” என்பதே அது. “ஆபீஸில் இருக்கிறான்” என்ற விடை கிடைத்தால் கேட்டவர் முகம் மலரும். “தொழிற்சாலையில் அப்ரண்டிஸாக இருக்கிறான்” என்று சொன்னாலோ, “அப்படியா?” என்பார். அந்த ஒரு சொல்லில் எவ்வளவு அநுதாபம் கலந்திருக்கும் என்பதை அநுபவித்தவர்களே அறிவார்கள். அடியேன் அநுபவித்தவன்.

1986-ஆம் வருஷத்தில் பாலிடெக்னிக்கில் மூன்று வருஷப் படிப்பை முடித்துவிட்டு, கோயம்புத்தூரில் மோட்டார்களும் பம்புகளும் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஒரு வருஷப் பயிற்சிக்குச் சேர்ந்தேன். பாதி வருஷம் யந்திரப் பகுதி. மறு பாதி மின்சாரப் பகுதி. அந்தத் தொழிற்சாலையின் பெயர் இங்கே வேண்டாம். அங்கே நான் கண்டவற்றில் புகழத்தக்கதும் உண்டு, குறை கூறத்தக்கதும் உண்டு.

ஊரும் தொழிலும்

இத்தகைய பயிற்சிக்குக் கோயம்புத்தூரைப்போல் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. 1888-ஆம் வருஷத்தில் ஸ்டேன்ஸ் துரை அங்கே முதல் நூற்பாலையை நிறுவினார். 1932-ஆம் வருஷத்தில் நீலகிரியிலுள்ள பைக்காராவிலிருந்து நீர்மின்சாரம் மலையிறங்கி வந்தது. மலிவான சக்தி கிடைத்ததும் ஆலைகள் பெருகின. ஆலை இருந்தால் பழுது இருக்கும். பழுது இருந்தால் பட்டறை வேண்டும். கொங்கு நாட்டின் ஆழக் கிணறுகளில் எருதுகள் கவலை இழுத்த காலம் மாறி மோட்டார் பம்பு வந்தபோது, அதைச் செய்யக்கூடிய கைகள் அந்தப் பட்டறைகளிலே தயாராக இருந்தன. ஜி. டி. நாயுடு போன்றவர்கள் புகழ் பெற்றது இந்த மண்ணிலேதான். நீண்ட நாள் வகுப்பில் உட்கார்ந்து படிப்பதைவிடக் கையால் செய்து குறுகிய காலத்தில் கற்பதே மேல் என்பது அவருடைய கட்சி.

அந்தக் கட்சியில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பது எனக்கு முதல் நாளிலேயே விளங்கிவிட்டது.

அரம் பிடித்த கை

முதல் நாள் என்னை ஒரு மேஸ்திரியிடம் ஒப்படைத்தார்கள். அவர் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படித்தவர் அல்லர். என் கையில் ஓர் அரத்தையும், தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிதான ஓர் இரும்புத் துண்டையும் கொடுத்தார். “இதன் ஆறு முகத்தையும் சமமாக ராவி, மூலை பிசகாமல் கொண்டு வா, கண்ணு” என்றார்.

இது ஒரு வேலையா என்று எனக்குத் தோன்றியது. மூன்று வருஷம் கணிதமும் மின்சார சாஸ்திரமும் பயின்றவன் இரும்பை ராவுவதா? மாலைக்குள் முடித்துவிட எண்ணினேன். மாலையில் அவர் அத்துண்டின்மேல் மூலைமட்டத்தை வைத்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். மட்டத்திற்கும் இரும்புக்கும் இடையே இரண்டு ஓரங்களிலும் வெளிச்சம் தெரிந்தது. நான் ராவிய முகம் சமமாக இல்லை. ஆமை முதுகைப்போல் நடுவில் புடைத்திருந்தது.

அதன் காரணத்தை அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் என் கைகளைத் தம் கைகளால் பிடித்துக் காட்டினார். அரம் முன்னே போகும்போதுதான் வெட்டும். பின்னே இழுக்கையில் அழுத்தினால் பல் மழுங்கும். தள்ளத் தொடங்கும்போது இடக்கையின் அழுத்தம் அதிகம் இருக்க வேண்டும். நடுவில் இரண்டும் ஒன்றாக வேண்டும். முடிவில் வலக்கைக்கு மாற வேண்டும். இந்த மாற்றம் இல்லாவிடில் அரம் ஏற்றப் பலகையைப்போல் ஆடி ஓரங்களைத் தின்றுவிடும். நெம்புகோலின் விதியை நான் பரீட்சையில் எழுதி மார்க்கு வாங்கியவன். ஆனால் அது என் மணிக்கட்டுக்குத் தெரியவில்லை.

தெரிவதற்கு ஏழு வாரங்கள் சென்றன. சமதளப் பலகையில் நீல மை தடவி, அதன்மேல் இரும்பைத் தேய்த்து, மை ஒட்டிய மேடுகளை மட்டும் ராவுவோம், மறுபடியும் தேய்ப்போம். உள்ளங்கை கொப்பளித்துப் பின் காய்த்தது. தீபாவளிக்கு வீடு சென்றபோது என் தாயார் இலையில் சாதம் பரிமாற வந்தவர், என் கையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். “இதற்காகவா உன்னைப் படிக்க வைத்தோம்?” என்றார். தந்தையார் ஒன்றும் சொல்லவில்லை. அவர் மௌனம் எனக்கு அதிகமாக வலித்தது.

காதால் கண்ட பழுது

ஆறு மாதம் கழிந்து மின்சாரப் பகுதிக்கு மாறினேன். இங்கேயாவது நமது படிப்பு செல்லுபடியாகும் என்று மகிழ்ந்தேன். ஒரு நாள் தொழிற்சாலைக் கிணற்றின் பம்பு மோட்டார் அடிக்கடி பியூஸை எரித்துக்கொண்டிருந்தது. கம்பிச் சுற்றுக் கெட்டிருக்கும் என்று நான் தீர்ப்பளித்தேன். மெக்கர் வைத்துச் சோதித்தால் சுற்றில் குற்றம் இல்லை. மூன்று முனைகளிலும் மின்சாரம் சரியாக வந்தது. எனக்கு மேலே வழி தெரியவில்லை.

மேஸ்திரியை அழைத்து வந்தார்கள். அவர் ஒரு நீண்ட திருப்புளியின் முனையை, ஓடும் மோட்டாரின் பேரிங் கூட்டின்மேல் வைத்து, பிடியைத் தம் காதோடு சேர்த்துக்கொண்டார். பிறகு என்னைக் கேட்கச் சொன்னார். உள்ளே யாரோ மணலை அரைப்பது போன்ற ஓசை கேட்டது. பேரிங் தேய்ந்திருந்தது. ஏன் தேய்ந்தது? மோட்டாரின் அச்சும் பம்பின் அச்சும் ஒரே நேர்கோட்டில் இல்லை. அந்தக் கோணல் பேரிங்கைத் தின்றது, தேய்ந்த பேரிங் சுழற்சிக்குத் தடை செய்தது, தடையை வெல்ல மோட்டார் அதிக மின்சாரத்தை இழுத்தது, பியூஸ் எரிந்தது. நோய் இரும்பில் இருந்தது. மின்சாரத்தில் தெரிந்தது அதன் அறிகுறி மாத்திரமே.

இரண்டு வித்தைகளையும் ஒருவனுக்கே ஏன் கற்பிக்கிறார்கள் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

எரிந்த விளக்கு

இனிச் சொல்லப்போவது என் தவறு. அதை மறைத்தால் இக்கட்டுரை எழுதுவதில் அர்த்தம் இல்லை.

மின்சார வேலையில் மேஸ்திரி விதித்த கட்டளை ஒன்று உண்டு. வேலை தொடங்குமுன் பிரதான சுவிட்சை நிறுத்தி, பியூஸ் கட்டைகள் மூன்றையும் கழற்றித் தன் சட்டைப் பையிலே போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு நாள் பிற்பகல், ஒரு மோட்டாரின் இணைப்பை மாற்ற வேண்டியிருந்தது. கட்டைகளைக் கழற்றினேன். அவை பையில் கனத்தன, குனியும்போது இடித்தன. ஐந்து நிமிஷ வேலைதானே என்று அவற்றைப் பலகையின்மேல் வைத்துவிட்டு மோட்டாரிடம் சென்றேன்.

முறை மாறும் நேரம் அது. புதிதாக வந்த தொழிலாளி ஒருவர் தம் யந்திரம் ஓடவில்லை என்று பார்க்கப் போனார். கட்டைகள் வெளியே கிடப்பதைக் கண்டு, எவரோ மறந்துவிட்டார் என்று நல்லெண்ணத்துடனே மாட்டிச் சுவிட்சையும் போட்டுவிட்டார். நான் மோட்டாரின் மூடியைத் திறந்து, முனையில் விரல் வைக்கப் போகும் சமயம், பின்னாலிருந்து ஒரு கை என் சட்டைக் காலரைப் பற்றி இழுத்தது.

மேஸ்திரி பேசவில்லை. அவரிடம் இரண்டு பல்புகளைத் தொடராகக் கோத்த சோதனை விளக்கு எப்போதும் இருக்கும். இரண்டு முனைகளுக்கு நடுவே 415 வோல்ட்டு இருப்பதால் ஒற்றைப் பல்பு தாங்காது. அதன் கம்பிகளை முதலில் மின்சாரம் உள்ளதென்று தெரிந்த ஓரிடத்தில் வைத்தார், விளக்கு எரிந்தது. விளக்கு பழுதில்லை என்பதை உறுதி செய்துகொண்ட பிறகு, நான் தொடவிருந்த முனைகளில் வைத்தார். அங்கும் எரிந்தது.

என் முழங்கால்கள் நடுங்கின. அவர் சுவிட்சை நிறுத்தினார்; கட்டைகளைக் கழற்றி என் பையில் போட்டார். சோதனை விளக்கை என் கையில் கொடுத்து, “இனி இது உன்னிடம் இருக்கட்டும்” என்றார். திட்டவில்லை. அன்று மாலை தேநீர்க் கடையில், “நீ செத்திருந்தால் உன் அம்மாவுக்கு நான் என்ன சொல்லியிருப்பேன்?” என்று மட்டும் கேட்டார். அதற்கு என்னிடம் விடை இல்லை. இன்றளவும் இல்லை.

சட்டமும் நடப்பும்

நம் தேசத்தில் தொழிற் பயிலுநர் சட்டம் 1961-ஆம் வருஷத்தில் இயற்றப்பட்டது. 1973-இல் செய்த திருத்தத்தினால் பட்டம், டிப்ளமா பெற்றவர்களுக்கும் அது விரிந்தது. சட்டத்தின் நோக்கம் உயர்ந்தது. பயிலுநர் கற்க வந்தவரே அன்றி, கூலியாள் அல்லர். ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யப்பட வேண்டும்; மாத உதவித் தொகை தர வேண்டும்; காயம்பட்டால் நஷ்டஈடு உண்டு. அதிகாரியின் சம்மதமின்றிக் கூடுதல் நேரம் வேலை வாங்கலாகாது.

ஆனால் என் கடைசி மூன்று மாதங்கள் எப்படிக் கழிந்தன? மோட்டார்களுக்கு நல்ல கிராக்கி வந்த சமயம் அது. எங்களைக் கற்பித்தலிலிருந்து பிரித்து, நாள் முழுவதும் ஒரே மாதிரித் திருகாணியை முடுக்கும் வரிசையில் நிறுத்தினார்கள். இரவிலும் பல நாள் நின்றோம். அது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. குறைந்த தொகைக்குக் கிடைத்த ஆட்களாகவே எங்களைக் கண்டார்கள். கேட்டால் சான்றிதழ் தாமதமாகுமோ என்று பயந்து நாங்கள் கேட்கவில்லை. வருஷம் முடிந்ததும் சான்றிதழ் தந்து அனுப்பிவிட்டார்கள். ஒப்பந்தத்தில் குறிப்பிட்டாலன்றி, பயின்றவனுக்கு வேலை கொடுக்கும் கடமை முதலாளிக்குச் சட்டப்படி இல்லை.

ஆயினும் வெறுங்கையுடன் நான் திரும்பவில்லை. அரம் பழகிய கை, பேரிங்கின் ஓசை அறிந்த காது, தொடுமுன் சோதிக்கும் பழக்கம் ஆகிய மூன்றும் என்னோடு வந்தன. பின்னர் முப்பது வருஷத்துக்கு மேல் அவையே எனக்குச் சோறு போட்டன.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

1937-இல் வார்தாவில் காந்தியடிகள், கைத்தொழிலின் மூலமாகவே கல்வி புகட்ட வேண்டும் என்று வற்புறுத்தினார். அதைப் பாராட்டிப் பேசியவர்களும் தம் பிள்ளைகளை மேஜைக்கு முன்னால் உட்கார வைக்கவே ஆசைப்பட்டனர். விமானம் செய்கிறோம், ராக்கெட்டு விடுகிறோம் என்று பெருமைப்படும் இந்நாளிலும், கறை பட்ட கையைக் கண்டால் நாம் சற்று ஒதுங்கியே நிற்கிறோம்.

சென்ற மாதம் அண்டை வீட்டு அம்மாள், தம் பெண் அப்ரண்டிஸாகச் சேர விரும்புகிறாள், அனுப்பலாமா என்று கேட்டார். தாராளமாக அனுப்பச் சொன்னேன். அத்துடன், சேருமுன் மூன்று விஷயங்களை விசாரிக்கும்படி கூறினேன். ஒப்பந்தம் பதிவாகிறதா? எந்தெந்தப் பகுதியில் எத்தனை மாதம் என்று எழுதித் தருகிறார்களா? கூடவே நின்று கற்பிக்க ஒரு மேஸ்திரி இருக்கிறாரா? முதல் இரண்டும் சட்டத்தால் கிடைக்கக்கூடியவை. மூன்றாவது வாய்த்தால் பாக்கியம்.

அந்தப் பெண் சேர்ந்துவிட்டாள். புறப்படும் நாளன்று என்னிடம் ஆசி பெற வந்தாள். பழைய பெட்டியைத் திறந்து, இரட்டைப் பல்புகளுடைய அந்தச் சோதனை விளக்கை எடுத்துக் காட்டினேன். இக்காலத்தில் இதைவிட நல்ல கருவிகள் வந்துவிட்டன. அவற்றையே உபயோகிக்க வேண்டும் என்றேன். ஆனால் அவர் செய்து காட்டிய முறையை, முதலில் உயிருள்ள இடத்தில் வைத்து, பிறகு தொடும் இடத்தில் வைத்து, மறுபடியும் முதல் இடத்தில் வைத்துச் சரிபார்க்கும் முறையை, அவள் மூன்று தடவை எனக்குச் செய்து காட்டிய பிறகே விடை கொடுத்தேன்.