எதை எடுத்துக் கொண்டு போவது?

கல்யாணமாகிப் புக்ககம் புறப்படும் பெண்ணுக்குச் சீர்ப் பாத்திரம் அடுக்குவது சுலபம். உறவெல்லாம் கூடி நின்று அடுக்கிக் கொடுத்துவிடும். ஐம்பது வருஷம் குடித்தனம் நடத்திவிட்டு, எழுபத்தைந்தாவது வயதில், நாலு அறை வீட்டைப் பூட்டிக் கொண்டு ஓர் அறை வீட்டுக்குப் போகிறாளே ஒருத்தி, அவளுக்கு மூட்டை கட்டுவதுதான் பிரம்மப் பிரயத்தனம்!

முதியோர் இல்லம் என்றதுமே மூக்கைச் சிந்தும் காலம் மெல்ல மாறி வருகிறது. கோயம்புத்தூரைச் சுற்றி மட்டும் எத்தனை குடியிருப்புகள் எழும்பியிருக்கின்றன! பொதுச் சாப்பாட்டுக் கூடம், கூப்பிட்டால் வரும் நர்ஸ், குளிக்கும் அறையில் பிடித்துக் கொள்ளக் கம்பி, எல்லாம் உண்டு. தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபதை எட்டியவர்கள் என்று 2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கே சொல்லிற்று. இன்று அடுத்த வீட்டு மாமி மூட்டை கட்டுகிறாள். நாளை நம் வீட்டிலும் அந்தக் கேள்வி எழலாம்.

சாமானை எண்ணுவதற்கு முன் அறையை அளந்து கொள்ளுங்கள். கட்டிலிலிருந்து குளிக்கும் அறை வரை மூன்றடி அகலம் வழி காலியாக இருக்க வேண்டும். நாளைக்கு ஊன்றி நடக்கும் சட்டம் தேவைப்பட்டாலும் இடிக்காது. காலைத் தடுக்கும் ஜமக்காளம், குட்டை முக்காலி இரண்டும் வேண்டாம். உலகத்தில் விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்தபடி கீழே விழுவதுதான் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். அறையில் அடுப்பு மூட்டலாமா, எண்ணெய் விளக்கு ஏற்றலாமா என்றும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது சமையலறை. சண்டை ஆரம்பமாவது இங்கேதான்.

"இதெல்லாம் எதுக்கும்மா? அங்கேதான் சாப்பாடு போடறாளே!" என்பாள் பெண். நியாயம்தான். ஆனால் அரை நூற்றாண்டு அடுப்பங்கரையை ஆண்டவளிடம் ஒரு கரண்டி கூட இருக்கக் கூடாதென்றால் எப்படி? காபி பில்டரும் இரண்டு டவரா டம்ளரும் கூடப் போகட்டும். பார்க்க வருகிறவர்களுக்குத் தன் கையால் ஒரு வாய் காபி கொடுக்க முடிந்தால், அந்த அறை அவளுடைய வீடாகிவிடும்.

உருளியையும் வெண்கலப் பானையையும் எடைக்குப் போடுவதற்கு முன் அவற்றின் கழுத்தைப் பாருங்கள். யாருடைய பெயராவது வெட்டியிருக்கும். அந்தப் பெயர் யாருக்குத் தெரியுமோ அவர்களிடம் கொடுங்கள். ஈயச் சொம்பு, ரசம் வைக்கத் தெரிந்த மருமகளுக்கு. கொடுக்கும்போதே, "புளி ஜலத்தை விட்ட பிறகுதான் அடுப்பில் ஏற்றணும்" என்று சொல்லிக் கொடுங்கள். ஈயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். வெறும் சொம்பை ஏற்றினால் சொம்பு போச்சு! சாமானோடு அதன் சமாசாரத்தையும் சேர்த்துக் கொடுக்க, அதை வைத்து ஆண்டவளால்தான் முடியும்.

ஒன்பது படிக் கொலுவை ஓர் அறையில் வைக்க முடியாது. கல்யாணத்தில் தாயார் கொடுத்த மரப்பாச்சி ஜோடி மட்டும் உடன் வரட்டும். மற்றப் பொம்மைகளைப் பேத்திகளுக்குப் பங்கிட்டுவிடலாம்.

கூறைப் புடவை கட்டாயம் போக வேண்டும். பட்டில் இன்னும் இரண்டு போதும். துவைக்கச் சுலபமான நூல் புடவைகள்தான் தினம் உதவும். நகைகள் பாங்க் பெட்டகத்தில் இருக்கட்டும். 2025 நவம்பர் 1 முதல் பெட்டகத்துக்கு ஒருவருக்குப் பின் ஒருவராக நாலு பேர் வரை நியமிக்கலாம். ஆனால் நியமனம் வேறு, உயில் வேறு. உயிலுக்கு முத்திரைத் தாள் தேவையில்லை. வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட்டால் போதும்.

பத்திரிகையிலிருந்து பிரித்தெடுத்துப் பைண்டு செய்த தொடர்கதைகளை எந்தத் தாய்க்குலம் லேசில் விடும்? மிகவும் பிடித்த இரண்டை எடுத்துக் கொள்ளுங்கள். மிச்சத்தைப் பழைய பேப்பர்க்காரரிடம் போடாதீர்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் அப்படிச் சேர்த்து வைத்ததால்தான் 1994-ல் சென்னையில் அவர் பெயரால் ஓர் ஆராய்ச்சி நூலகமே உண்டாயிற்று. அத்தகைய நூலகங்களை விசாரித்துப் பாருங்கள். பழைய போட்டோக்களின் பின்புறம் இருப்பவர்களின் பெயரைப் பென்சிலால் எழுதி வையுங்கள். உங்களுக்குப் பிறகு அவர்கள் யாரென்று சொல்ல ஆள் இருக்காது.

இதையெல்லாம் தீர்மானிப்பது யார்? வெளிநாட்டிலிருந்து பத்து நாள் லீவில் வந்த பிள்ளையா? கூடவே கூடாது. போகிறவள்தான் பொறுக்க வேண்டும். ஆறு மாதம் முன்பே ஆரம்பித்தால், வாரத்துக்கு ஓர் அலமாரி என்று நிதானமாகப் பார்க்கலாம். குடிபோன பிறகும் மூன்று மாதம் மிச்சச் சாமானை விற்காமல் வையுங்கள். "அந்த மணை இருந்தால் தேவலை" என்று ஒரு நாள் போன் வரும்.

பெண்களுக்கும் மருமகள்களுக்கும் ஒரு வார்த்தை. அம்மா எடுத்து வைத்த பெட்டியில் பிடி உடைந்த ஒரு கரண்டியோ, சாவி தொலைந்த ஒரு பூட்டோ இருக்கலாம். அதை வெளியே எடுக்காதீர்கள். எதற்கு என்றும் கேட்காதீர்கள்.