ஓடும் கலை – 6: பாதம் பதியும் இடம்

1952ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், ஹெல்சிங்கி ஒலிம்பிக் பந்தயங்களில், எட்டே தினங்களுக்குள் பத்தாயிரம் மீட்டர், ஐயாயிரம் மீட்டர், மாரத்தான் ஆகிய மூன்றிலும் தங்கப் பதக்கம் பெற்ற செக்கோஸ்லோவாகிய வீரர் எமில் ஸாடோபெக், தலை ஒரு பக்கம் சாய்ந்தாட, முகம் வேதனையில் கோணிக்கொள்ள, தோள்கள் முறுக்கேறிப் புரள, அடுத்த அடியில் விழுந்துவிடுவார் போலத்தான் ஓடினார். ஓட்டத்தின் லட்சணங்களை வகுத்துரைப்போர் ஒருவரும் அந்தத் தோற்றத்தை உதாரணமாகக் காட்டத் துணியமாட்டார்கள். ஆயினும், அதற்கு முன் மாரத்தான் பந்தயத்தில் ஒருமுறைகூட ஓடியிராத அம்மனிதர், 2 மணி 23 நிமிஷம் 3 விநாடியில், அதுவரை எவரும் ஒலிம்பிக்கில் ஓடியிராத வேகத்தில், அதை ஓடி முடித்தார். அவருடைய முகத்தை விட்டுக் கால்களைக் கவனித்தவர்களுக்கே அதன் காரணம் விளங்கியிருக்கும். மேலே அத்தனை அலைக்கழிவு இருந்தும், கீழே கால்கள் குறுகிய அடிகளாக, தாளம் பிசகாமல் சென்றுகொண்டிருந்தன.

புதிதாக ஓடத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலோர், காலை எட்டிப் போட்டால் வேகம் கூடும் என்று நம்பி, முழங்காலை நீட்டி, உடலுக்கு வெகு முன்பாகப் பாதத்தை ஊன்றுகிறார்கள். அவ்விதம் ஊன்றிய கால், முன்னேறி வரும் சரீரத்தை ஒவ்வோர் அடியிலும் எதிர்த்துத் தடுக்கிறது. பிரேக்கைப் பிடித்தபடியே சைக்கிளை மிதிப்பதற்கு ஒப்பான வீண் பிரயாசை அது. ஓடும்போது தரையிலிருந்து எழும் விசை நம் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருக்குமாதலால், நீட்டி விறைத்த காலின் வழியே அது முழங்காலையும் முன்னங்கால் எலும்பையும் சென்று தாக்குகிறது. பாதம் இடுப்புக்கு நேர் கீழே, அல்லது அதற்குச் சற்றே முன்பாக, முழங்கால் இலேசாக மடிந்திருக்கும் நிலையில் பதியுமானால், தொடைத் தசைகள் அந்தத் தாக்குதலை ஏற்று அடக்க, குதிகாலின் பின்புறத்துத் தசைநாண் நீண்டு சுருங்கி, பெற்ற சக்தியில் ஒரு பெரும் பகுதியை அடுத்த அடிக்குத் திருப்பித் தருகிறது.

குதிகால் முதலில் படவேண்டுமா, முன்பாதம் படவேண்டுமா என்ற விவாதத்துக்கு நாம் அளவுக்கு மீறிய முக்கியத்துவம் கொடுத்துவிட்டோம் என்பது என் அபிப்பிராயம். 1960இல் ரோமாபுரியில் வெறுங்காலோடு ஓடி மாரத்தானை வென்ற எத்தியோப்பிய வீரர் அபெபெ பிகிலாவைச் சான்று காட்டிப் பாதரட்சையையே பழிப்பவர்கள், அவரே 1964இல் டோக்கியோவில் பாதரட்சை அணிந்து முன்னிலும் விரைவாக ஓடி மீண்டும் வென்றதைச் சொல்வதில்லை. பதியும் இடம் சரியாக இருந்தால், எந்தப் பகுதி முதலில் படுகிறது என்பது இரண்டாம் பட்சமே. கைகளைப் பற்றியும் இதையே சொல்வேன்: அவை மார்புக்குக் குறுக்கே வீசாமல், தோள் இறுகாமல் இருந்தால் போதும். பள்ளிக்கூடத்துக்குப் புத்தகங்களை இடுக்கிக்கொண்டு ஓடிய வழக்கத்தால் இடக்கை சற்று மடங்கியே நின்றுவிட்ட ஹைலே கெப்ரசெலாசி, பத்தாயிரம் மீட்டரில் இரண்டு ஒலிம்பிக் தங்கங்களைப் பெற்றவர்.

பாதத்தை எங்கே வைக்கிறோம் என்று ஓடும்போதே கண்டறிவது கடினம்; அடிகளை எண்ணுவது எளிது. 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் வீரர்களின் அடிகளை எண்ணிப் பார்த்த பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ், அநேகமாக எல்லோருமே நிமிஷத்துக்கு 180 அல்லது அதற்கு மேற்பட்ட அடிகள் வைப்பதைக் கண்டார். அந்த எண், பந்தய வேகத்தில் செல்லும் தேர்ந்தவர்களுக்கு உரியது. நிதானமாக ஓடும் நெட்டையான மனிதருக்கு அதை விதியாக்குவது தகாது. நிமிஷத்துக்கு 160 அடி வைப்பவர், வேகத்தைக் கூட்டாமலே 168 வைத்துப் பார்க்கட்டும். அடி தானாகவே குறுகும், பாதம் உடலை நெருங்கிப் பதியும், முழங்காலின் பாரமும் தணியும்.

இதை முதலில் வாரத்தில் இரண்டு நாள், ஓட்டத்தின் இடையிடையே சில நிமிஷங்கள் மட்டும் பழகுதல் நலம். தசைகள் புது வழக்கத்துக்கு வாரங்களில் இணங்கினாலும், தசைநாண்கள் இணங்க மாதங்கள் செல்லும். ஆகவே கெண்டைக்காலிலோ குதிகாலுக்கு மேலேயோ காலை வேளையில் விறைப்புத் தோன்றினால், அது தணியும்வரை பழைய நடைக்கே திரும்பிவிட வேண்டும்.

(தொடரும்)