லிமுரிகே, தமிரிகே, தமிழகம்: ஒரு நிலப்பெயரின் வடிவமும் பொருளும்

முன்னுரை

கிரேக்க, உரோமானிய ஆசிரியர்கள் தமிழர் நிலத்தைத் 'தமிரிகே' என்று வழங்கினர் என்பதும், அப்பெயர் 'தமிழகம்' என்பதன் திரிபே என்பதும் வரலாற்று நூல்களில் பெரிதும் எடுத்தாளப்படும் கருத்துகளாகும். இவற்றுள் முன்னது ஒரு பாடத்திருத்தம். பின்னது அத்திருத்தத்தின்மேல் எழுந்த சொற்பொருள் விளக்கம். ஒன்றன் வலிமை மற்றதற்கு வாராது என்பதால் இரண்டையும் தனித்தனியே ஆராய்தல் வேண்டும்.

சுவடிப் பாடமும் திருத்தமும்

கி.பி. முதல் நூற்றாண்டினதாகிய பெரிப்ளூஸ், பத்தாம் நூற்றாண்டுச் சுவடி ஒன்றன் வழியே கிடைத்துள்ளது. அதன் பாடம் 'லிமுரிகே' என்பதே. தாலமியின் நிலநூலும் அவ்வாறே லகர முதலாகக் குறிக்கிறது. எனினும், பியூட்டிங்கர் நிலப்படத்தில் 'தமிரிகே' என்ற வடிவமும், இரவென்னா நிலநூலில் 'திமிரிகா' என்ற வடிவமும் காணப்படுகின்றன. கிரேக்கப் பேரெழுத்துகளுள் தகர ஒலிக்குரிய டெல்டாவும் லகர ஒலிக்குரிய லாம்டாவும் அடிக்கோடு ஒன்றினாலேயே வேறுபடுவன. எனவே, படியெடுப்போர் பிழையால் முதலெழுத்து மாறியது எனக் கால்டுவெல் கருதினார். 1912இல் வெளிவந்த சாஃப் மொழிபெயர்ப்பு திருத்த வடிவத்தையே மேற்கொண்டது. 1989இல் வெளிவந்த காசன் பதிப்போ சுவடிப் பாடத்தைப் பேணியது.

பிறமொழிச் சான்றுகள் திருத்தத்திற்கு அரண் செய்கின்றன. பாலி மொழியின் 'தமிள', அநுராதபுரப் பிராமிக் கல்வெட்டின் 'தமேட' ஆகியவை ஒலிப்புடைத் தகரத்தை முதலாகக் கொண்டவை. ழகரம் இல்லாத அம்மொழிகள் அதனை ளகரமாகவும் டகரமாகவும் ஏற்றன. காரவேலனின் அத்திகும்பாக் கல்வெட்டில் 'திரமிர' என வாசிக்கப்படும் வடிவம் அதனை ரகரமாக்குகிறது. 'தமிரிகே' என்பதன் ரகரமும் இவ்வரிசையில் பொருந்துகிறது. ஆயினும், வெவ்வேறு சுவடி மரபில் வந்த இரு கிரேக்க நூல்களும் ஒரே லகரத்தைக் காட்டுவது எளிதில் புறந்தள்ளத்தக்கதன்று. பிழை நேர்ந்திருப்பின், அஃது இன்றுள்ள சுவடிகளுக்கு மிக முற்பட்டதாதல் வேண்டும்.

ஈறும் எல்லையும்

திருத்தம் ஏற்கப்படினும் 'தமிழகம்' என்னும் விளக்கம் தானே நிறுவப்படுவதில்லை. 'இகே' என்பது நாட்டைக் குறிக்கும் பெயரடைகளில் கிரேக்கம் இயல்பாகச் சேர்க்கும் பெண்பால் ஈறு. 'இந்திகே' என்பதிலும் அதுவே உள்ளது. ஆதலின், 'தமிரிகே' என்பது 'தமிழ்' என்னும் பகுதியோடு கிரேக்க ஈறு புணர்ந்த சொல்லாகும். 'அகம்' அதில் இல்லை. புறநானூற்றில் 'தமிழகம்' பயின்றிருப்பது அச்சொல்லின் தொன்மைக்குச் சான்றேயன்றிக் கிரேக்க வடிவத்தின் மூலத்திற்குச் சான்றாகாது.

எல்லையும் ஒத்துவரவில்லை. பெரிப்ளூஸ் லிமுரிகேயின் துறைமுகங்களாகச் சுட்டும் நௌரா, திண்டிஸ், முசிறிஸ், நெல்கிண்டா ஆகியவை மேலைக்கடற்கரையின. சேரர்க்குரிய திண்டிசும் பாண்டியர்க்குரிய நெல்கிண்டாவும் அதனுள் அடங்குதலால், அஃது ஓர் அரசின் பெயரன்று. கீழைக்கரைத் துறைகளான கமரா, பொதுகே, சோபத்மா ஆகியவற்றுக்கு லிமுரிகேயிலிருந்து கலங்கள் வருவதாக அந்நூல் கூறுகிறது. கீழைக்கரை அப்பெயருள் அடங்கவில்லை என்பது இதனால் தெளிவாகும்.

முடிவுரை

'தமிரிகே' என்பது வலுவான சான்றுகளையுடைய திருத்தம். ஆயினும் சுவடிப் பாடமன்று. அதன் பொருள் 'தமிழர்க்குரிய நாடு' என்பதாகலாம். 'தமிழகம்' என்பதன் ஒலிபெயர்ப்பு ஆகாது. பெரிப்ளூசில் அது சுட்டும் நிலமும் மேலைக்கரையே. இவ்வேறுபாடுகளைச் சுட்டாது அப்பெயரை மூவேந்தர் நிலம் முழுமைக்கும் சான்றாகக் காட்டுதல் பொருந்தாது.