கியர் மாற்றும்போது 'டொக்' என்று சத்தமா?

மரக்கறி ஏற்றும் பழைய வான், நெல்மூட்டை சுமக்கும் சிறு லொறி, பெட்டி பூட்டிய உழவு இயந்திரம்: இடம்பெயர்ந்து வாழும் பல விவசாயக் குடும்பங்களுக்குக் காணியை விட்டபின் கையில் மிஞ்சிய முதல் இதுதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் பழைய வாகனங்களின் விலையும் ஏறியது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. ஆகவே உள்ளதைப் பேணி ஓட்டுவதே பலருக்கும் வழியாயிற்று.

இப்படிப்பட்ட வாகனம் கியர் மாற்றும்போது அடியில் 'டொக்' என்று அடிக்கத் தொடங்கினால் மனம் பதைக்கும். எங்கள் வானுக்கு இது நேர்ந்தபோது, "கியர்பெட்டி போய்விட்டது" என்று ஒரு கராச்சில் சொன்னார்கள். கழற்றிப் பார்த்தால் அதில் குறையேதும் இல்லை. தேய்ந்திருந்தது ஒரு யூ ஜொயின்ட் மாத்திரமே. கழற்றிப் பூட்டிய கூலியோ போனது போனதுதான்.

எஞ்சினின் முறுக்குவிசை கிளச், கியர்பெட்டி ஆகியவற்றினூடாக வந்து, புறொப்பலர் ஷாப்ட் எனப்படும் நீண்ட இரும்புக் குழாய் வழியே பின் அச்சிலுள்ள டிபறன்சலுக்குப் போய்ச் சில்லுகளைச் சுழற்றுகிறது. வழியிலுள்ள ஒவ்வொரு பொருத்திலும் சிறிது தளர்வு இருக்கும். கிளச்சை மிதித்ததும் விசை விடுபடுகிறது; காலை எடுத்ததும் திரும்ப ஏறுகிறது. அந்தக் கணத்தில் தளர்வுகள் எல்லாம் ஒன்றாக இறுகி இரும்பு இரும்பில் மோதுகிறது. நுகக்கயிறு தளர்ந்த வண்டிலில் மாடு எட்டி வைத்ததும் ஓர் உதறல் வருமே, அதுபோலத்தான். எனவே கியர் மாற்றும்போது சத்தம் வருவதால் கோளாறு கியர்பெட்டியில்தான் என்று முடிவுகட்ட வேண்டாம்.

முதலில் காது கொடுத்துக் கேளுங்கள். கியர் விழும்போதே 'கறகற' என்று பல் உரசினால் அது வேறு விடயம். கிளச் முழுமையாக விடுபடவில்லை. கிளச் கேபிளின் அளவையோ, கிளச் ஒயிலின் மட்டத்தையோ பாருங்கள். கியர் விழுந்தபின், கிளச்சிலிருந்து காலை எடுக்கும்போது ஒரு தரம் 'டொக்' என்றால் தளர்வைத் தேட வேண்டும். சாரதி காலைச் சட்டென்று எடுப்பதும் எஞ்சின் வெறுமனே நிற்கையில் அதிகமாக இரைவதும் சத்தத்தைக் கூட்டும்.

உழவு இயந்திரம் வைத்திருப்போர் முதலில் பெட்டியைக் கழற்றிவிட்டு ஓடிப் பார்க்கட்டும். சத்தம் நின்றுவிட்டால் கொளுவும் ஆணியோ அதன் துளையோ தேய்ந்து அகன்றிருக்கிறது. இதற்கு மெக்கானிக் தேவையில்லை; சரியான பருமனுள்ள ஆணி போதும். துளை மிகவும் அகன்றிருந்தால் வெல்டிங்காரர் பார்த்துக்கொள்வார்.

வான், லொறிகளில் வாகனத்தின் கீழ் பார்க்க வேண்டும். சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சூடு ஆறவிட்டு, நியூற்றலில் வைத்து, கைபிறேக் போட்டு, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். ஜக்கை மட்டும் நம்பி ஒருபோதும் கீழே நுழையாதீர்கள். உயர்த்தியே ஆக வேண்டுமானால் அச்சின் கீழ் பருத்த மரக்கட்டை அணைகொடுங்கள்.

இப்போது ஒரு கையால் ஷாப்டையும் மறுகையால் ஜொயின்டின் மறுபக்கத்தையும் பிடித்து எதிரெதிராகத் திருகுங்கள். ஒன்று அசைய மற்றது அசையாமல் நின்றால் அந்த ஜொயின்ட் தேய்ந்துவிட்டது. அதைச் சுற்றிச் செம்மண் போன்ற துருப்பொடி படிந்திருந்தால், உள்ளேயுள்ள ஊசி உருளைகள் கிறீஸ் இன்றி அரைபடுகின்றன. மெதுவாக ஓடும்போது 'கீச் கீச்' என்று முன்பே அறிவித்திருக்கும். நாங்கள்தான் பறவை என்று நினைத்துவிட்டோம்! இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஓடும்போது முன் ஜொயின்ட் உடைந்தால் ஷாப்ட் தெருவில் குத்தி வாகனத்தையே தூக்கி எறியக்கூடும். ஜொயின்ட் மாற்றும் முன் ஷாப்டிலும் அது பூட்டும் இடத்திலும் பெயின்ற்றால் கோடு போட்டு, அதே நிலையில் திரும்பப் பூட்டச் சொல்லுங்கள். மாறிப் பூட்டினால் சத்தம் போய் நடுக்கம் வரும். கிறீஸ் நிப்பிள் உள்ள ஜொயின்டுக்கும், நீண்டு சுருங்கும் பல்லிணைப்புக்கும் ஒழுங்காகக் கிறீஸ் அடியுங்கள்.

அடுத்து, பின் அச்சைத் தட்டு ஸ்பிரிங்குடன் இறுக்கும் யூ போல்ட்டுகள். பாரம் ஏற்றும் வாகனங்களில் இவை தளர்ந்து, அச்சே முறுகி அடிப்பதுண்டு. ஸ்பானரால் இறுக்கிவிடலாம், போல்ட்டின் புரி தேய்ந்திருந்தால் புதியது போடுங்கள்.

எஞ்சினையும் கியர்பெட்டியையும் தாங்கும் றபர் மவுண்டிங்குகள் ஒயில் பட்டு ஊறிக் கிழிவதும் வழக்கம். ஒருவர் பிறேக்கை இறுக்கி மிதித்தபடி முதலாம் கியரிலும் பின்கியரிலும் கிளச்சைச் சற்றே பிடிக்கவிட, மற்றவர் பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். வாகனத்தின் முன்னோ பின்னோ நிற்கக்கூடாது. எஞ்சின் துள்ளி எழுந்தால் றபர் போய்விட்டது. ஆசனத்தின் கீழ் எஞ்சின் உள்ள வான்களில் ஆசனத்தைத் திறந்தே இதைப் பார்க்கலாம்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் ஷாப்ட் கையில் வெகுவாகச் சுழன்றாடினால் டிபறன்சலைச் சந்தேகிக்கலாம். சிறிது ஆட்டம் அங்கே இயல்பு. ஒயில் ஊற்றும் துளையைத் திறந்து மட்டம் பாருங்கள். துளையின் கீழ்விளிம்பு வரை நிற்க வேண்டும். வடித்த ஒயிலில் சாம்பல் நிறப் பசை இருந்தால் பயமில்லை, இரும்புத் துண்டு வந்தால் மேற்கொண்டு ஓட்ட வேண்டாம். அங்குள்ள பற்சக்கரங்களின் இடைவெளியை அளந்துதான் பூட்ட வேண்டும். அந்த வேலையை மரநிழலில் செய்ய முயலாமல், அளவுக் கருவி உள்ளவரிடம் கொடுங்கள்.