ரிடையர் ஆயாச்சா? வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்!

மாலை போட்டார்கள், பாராட்டிப் பேசினார்கள், கார் வைத்து வீடு வரை கொண்டுவந்து விட்டார்கள். தமிழக அரசு ஊழியருக்கு 60 வயதில் நடக்கிற விழா இது. முதல் மாதம் ‘அப்பாடா’ என்று இருக்கும். இரண்டாம் மாதம் அதே பேப்பரை மூன்று தடவை படிப்பார். மூன்றாம் மாதம், “ஏங்க, சும்மா அடுப்படியையே சுத்திச் சுத்தி வர்றீங்களே... எங்கயாச்சும் போய்ட்டு வாங்களேன்!” என்று குரல் வரும்.

அந்த அம்மா சொல்வது நல்ல வைத்தியம்தான். எங்கே போவது?

போடிநாயக்கனூரையே எடுத்துக்கொள்வோம். ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு காலையிலேயே ஜீப்புகள் போடிமெட்டு மலைப்பாதையில் ஏறிவிடுகின்றன. திரும்பி வரப் பொழுது சாய்ந்துவிடும். வேறு சில வீடுகளில் பிள்ளைகள் சென்னை, பெங்களூர் என்று போய்விட்டார்கள். பகலெல்லாம் வீட்டில் வயசானவர்கள் மட்டும்தான். பாஸ் புத்தகத்தைப் படித்துச் சொல்லக்கூட ஆள் இருக்காது.

ஒரு தெருவில் பேச்சுத்துணை இல்லாத பாட்டி. அடுத்த தெருவில் பொழுது போகாத வாத்தியார். இருவரையும் ஓரிடத்தில் சேர்த்து வைப்பதுதான் முதியோர் மையம். பகலில் முதியவர்கள் வந்து போக 25 ‘அன்புச்சோலை’ மையங்களைத் தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தது. உங்கள் ஊரில் அப்படி ஒன்று இல்லையா? ஓய்வூதியர் சங்கக் கட்டடம், கோயில் மண்டபம், யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணை... இதுவே போதும்!

நமக்கு என்ன லாபம்?

அமெரிக்காவில் 50 வயதைத் தாண்டிய சுமார் 13,000 பேரை நான்கு ஆண்டுகள் கவனித்த ஆய்வு ஒன்று 2020-ல் வெளியானது. ஆண்டுக்கு 100 மணி நேரமாவது, அதாவது வாரம் சுமார் 2 மணி நேரம், சேவை செய்தவர்களிடம் மரண அபாயம் குறைவாக இருந்தது. நடமாட்டமும் நன்றாக இருந்தது. தனிமையும் மனச்சோர்வும் குறைந்திருந்தன.

“தெம்பா இருக்கிறவங்கதானே சேவைக்கே போவாங்க?” என்று கேட்பீர்கள். சரியான கேள்வி! அவர்களுடைய முந்தைய உடல்நிலையையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் ஆராய்ச்சியாளர்கள் இந்த முடிவுக்கு வந்தார்கள். ஆனால் சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற வியாதிகள் குறைந்ததாக அந்த ஆய்வில் தெரியவில்லை. ஆகவே சேவைக்குப் போகிறோம் என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

காரணம் என்ன? குளித்து, சட்டை மாற்றி, நடந்து போகிறோம். நாலு பேரிடம் பேசுகிறோம். ‘நமக்காக ஒருத்தர் காத்திருக்கிறார்’ என்ற நினைப்பு மனசைத் தூக்கி நிறுத்துகிறது.

என்ன செய்யலாம்?

* பென்ஷன்காரர்களின் உயிர்வாழ் சான்றை 2014 முதல் டிஜிட்டல் முறையிலும் கொடுக்கலாம். விரல் ரேகை விழாதவர்களுக்கு செல்போனில் முகத்தைக் காட்டும் வசதியும் உண்டு. செல்போன் பழகியவர்கள் உதவலாம்.

* பேப்பர் படித்துக் காட்டலாம், கடிதம் எழுதித் தரலாம். தாயம், பல்லாங்குழி ஆடலாம்.

* ஓய்வுபெற்ற நர்ஸ் என்றால் ரத்த அழுத்தம் பார்த்துக் குறித்து வைக்கலாம். மருந்தை மாற்றச் சொல்லும் வேலை டாக்டருடையது.

* ‘நான் வேலைக்கே போனதில்லையே’ என்கிறார்களா இல்லத்தரசிகள்? நாற்பது வருஷம் குடும்பத்தைக் கட்டி ஆண்ட அனுபவம் போதாதா? வாரம் ஒரு நாள் சுண்டலும் சுக்குக் காபியும் உங்கள் பொறுப்பு!

கவனம் தேவை

எடுத்த எடுப்பில் தினமும் போகாதீர்கள். அலுத்துவிடும். மூட்டுவலிக்காரர்கள் நாற்காலி தூக்கக் கூடாது. இதய நோய், மூச்சிரைப்பு உள்ளவர்கள், ‘மேலே தோட்டத்து ஆட்களையும் பார்த்துட்டு வர்றேன்’ என்று வளைவும் பனியுமான மலைப்பாதையில் கிளம்பும் முன் டாக்டரைக் கேளுங்கள். யாருடைய ஏ.டி.எம். ரகசிய எண்ணையும் கேட்காதீர்கள், பணத்தைக் கையில் வாங்காதீர்கள். வீட்டில் கொடுமைப்படுத்துகிறார்கள் என்று யாராவது அழுதால், முதியோர் உதவி எண் 14567-க்குப் போன் செய்யுங்கள்.

நாளும் நேரமும் நிலையாக இருக்கட்டும். செவ்வாய்க்கிழமை பத்து மணி என்றால் பத்து மணிதான். நாலு வாரம் விடாமல் போய்ப் பாருங்கள். அதே அடுப்படியிலிருந்து, “ஏங்க, இன்னிக்கு செவ்வாய்க்கிழமை, இன்னும் கிளம்பலையா?” என்று குரல் வரும்!